மன்றம் தத்தெடுத்த இதயம்

ஐயாசாமியின் இதயம் நல்ல இதயம் என்று ஜொகூர் தாவரச்சத்து இதய நல மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய நேரத்தில், ஐயாசாமி கோத்தா திங்கியில் தன் பஸ்ஸின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தகவல் அவருக்கு மூன்று நாள் கழித்து வாட்சாப்பில் வந்தது. அதில் அவர் பெயர் ‘ஐயப்பசாமி’ என்று இருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. பாசிர் கூடாங்கில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவரை யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. பஸ் தாமதமானால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மன்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காய், கீரை, பழங்களில் இருக்கும் சத்துகள் இதயத்துக்கு நல்லது என்ற உண்மையைப் பரப்புவதற்காகப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் அது தொடங்கப்பட்டது. அந்த உண்மையை அன்றும் யாரும் மறுக்கவில்லை, இன்றும் மறுப்பதில்லை. அதுதான் மன்றத்துக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. எதிர்க்க ஆளில்லாமல் ஓர் இயக்கத்தை எத்தனை நாள் நடத்துவது? ஆகவே துணைக்குழுக்கள் அமைத்தார்கள். சிவப்பு நிறமித் துணைக்குழு, பச்சை நிறமித் துணைக்குழு, துவர்ப்புத் துணைக்குழு, வெங்காயப் பணிக்குழு என்று மொத்தம் பதினாறு. கத்தரிக்காய் யாருக்குச் சொந்தம் என்பதில் ஊதாக் குழுவுக்கும் வெள்ளைக் குழுவுக்கும் ஏற்பட்ட தகராறு, தோலா சதையா என்ற கேள்வியோடு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது.

தலைவர் டத்தோ வள்ளியப்பன். ஜொகூர் பாருவில் கட்டுமானக் கம்பி வியாபாரம் செய்து, அரசு தரும் டத்தோ பட்டம் வரை வந்தவர். ஆய்வுப் பிரிவின் பொறுப்பாளர் டாக்டர் நாராயணன். அவருடைய டாக்டர் பட்டம் எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கும் முறை பற்றியது. குழாய் என்றால் எல்லாம் குழாய்தான், அடைப்பு என்றால் எல்லாம் அடைப்புதான் என்பது அவர் கொள்கை. செயலாளர் லோகேஸ்வரன், கையில் எப்போதும் நிகழ்ச்சி நிரலோடு காணப்படுவார்.

கோத்தா திங்கி கோயில் மண்டபத்தில் மன்றம் இலவச இரத்தப் பரிசோதனை நடத்தியது. வந்தவர்களுக்கு ஒரு குடை கொடுத்தார்கள். மழைக்காலம் என்பதால் இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். முடிவுகளைப் பார்த்தபோது நிர்வாகக் குழுவுக்கு முகம் செத்துவிட்டது. ஏறக்குறைய எல்லாருக்கும் கொழுப்பு ஏறிக் கிடந்தது. மன்றத்தின் பொறுப்பாளர்களும் ஊசிக்குக் கை நீட்டியிருந்தார்கள். அவர்களுடைய முடிவுகள் உறையில் இட்டுப் பசை தடவி ஒட்டப்பட்டன. பட்டியலில் ஒரே ஒருவருக்குத்தான் எல்லாம் சரியாக இருந்தது: கெட்ட கொழுப்பு 1.9, இரத்த அழுத்தம் நூற்றிருபத்து நான்குக்கு எழுபத்தெட்டு.

“யாருப்பா இந்த ஆளு?” என்று கேட்டார் நாராயணன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் லோகேஸ்வரனும் ஐயாசாமியின் வீட்டுக்கு வந்தார்கள். ஐயாசாமி கைலியை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நாராயணன் நாற்பத்தாறு கேள்விகள் கொண்ட படிவத்தை விரித்துவிட்டார்.

“காலையில என்ன சாப்பிடுவீங்க?”

“தோசை. இல்லேன்னா கடையில ரொட்டி சானாய்.”

நாராயணன் பேனாவை எடுக்கவில்லை. “வேற?”

ஐயாசாமியின் மனைவி சந்திரமதி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். சமையலைப் பற்றிய கேள்விக்குக் கணவர் பதில் சொல்வதை அவர் அனுமதிப்பதில்லை. “முருங்கக்கீரை வாரத்துல மூணு நாளு. பின்னாலயே மரம் இருக்கு. பெகாகா, அதான் வல்லாரைக்கீரை, அரைச்சு சம்பால் பண்ணுவேன். பாவக்கா, சின்ன வெங்காயம், பயறு. ஏதோ கிடைக்கறது.”

நாராயணன் எழுந்து நின்றுவிட்டார். “கேட்டீங்களா லோகேஸ்? பதினோரு வருஷமா நாம தேடுன ஆளு.”

“டாக்டர்,” என்றார் ஐயாசாமி, “நான் ஆறு வருஷமா கிளினிக்குல—”

“இருங்க, இருங்க. இன்னும் வெங்காயமே முடியல.”

வெங்காயத்துக்கு மட்டும் ஒன்பது கேள்விகள். நறுக்குவது யார், நறுக்கும்போது கண்ணீர் வருமா, எந்தக் கண்ணில் முதலில் வரும் என்பது வரை இருந்தது. முருங்கை மரம் வீட்டுக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்பதற்கு லோகேஸ்வரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத் திசை பார்த்தார். ஆறு ஆண்டுகளாக அரசாங்கக் கிளினிக்கில் கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் வாங்கி ஒரு நாள் தவறாமல் விழுங்கிவருவதைச் சொல்ல ஐயாசாமி இன்னும் இரண்டு தடவை வாய் திறந்தார். மாத்திரைக்கு என்று படிவத்தில் இடம் இல்லை. இடம் இல்லாத ஒன்றை நாராயணனின் காது வாங்காது.

இப்படித்தான் ஐயாசாமி ‘மாநில இதய முன்மாதிரி’ ஆனார். ஒரு பச்சை டீ-சட்டை கொடுத்தார்கள். அதில் ‘என் நெஞ்சு ஒரு தோட்டம்’ என்று எழுதி, நெஞ்சுப் பகுதியில் ஒரு முள்ளங்கி அச்சடித்திருந்தது. முன்மாதிரியின் உணவைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். மூன்று வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், ஒப்புதல் வந்த பிறகு சாப்பிட வேண்டும். முதல் வாரமே சந்திரமதிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏங்க, சோறு ஆறுது.”

“இரு சந்திரா, பச்சைக் குழு சரின்னுட்டாங்க. துவர்ப்புக் குழுதான் இன்னும் பாக்கல.”

பதில் வந்தது. ‘குழம்பு கலங்கலாகத் தெரிகிறது. மீண்டும் எடுக்கவும்.’

சந்திரமதி கரண்டியைக் கீழே வைத்தார். “அவங்க வீட்டுக் கொழம்பு கண்ணாடி மாதிரி இருக்குமாக்கும்.”

மேடைப் பேச்சுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஐயாசாமிக்குத் தமிழ் வரும், மலாய் வரும், பஸ் ஓட்டுகிறவருக்கு வேண்டிய அளவு கெட்ட வார்த்தை நான்கு மொழியில் வரும். ஆனால் ஃபிளேவனாய்டு என்ற தாவரச்சத்தின் பெயர் வரவில்லை. வீட்டில் நின்று அவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது சமையலறையிலிருந்து சந்திரமதி எட்டிப் பார்த்து, “என்ன நாயி?” என்று கேட்டார்.

“நாயி இல்ல. கீரைக்குள்ள இருக்குதாம்.”

“நான் அலசிட்டுதான் சமைக்கறேன்.”

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐயாசாமிக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. ரெங்கம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மாலை போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஓர் அம்மாள் தன் கணவரின் இ.சி.ஜி. தாளைக் கொண்டுவந்து, “ஒரு தடவை கையால தொட்டுக் குடுங்கண்ணே” என்றார். தொட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வரும் பெண்கள் ‘அங்கிள்’ என்பதை விட்டுவிட்டு ‘சார்’ என்றார்கள். ரொட்டி சானாய்க் கடைக்காரர் மாமாக் வெட்கத்தோடு சிரித்து, “உங்களுக்கு விக்கக் கூடாதுன்னு ஃபோன் வந்துச்சு சார்” என்றார். ரொட்டி கிடைக்காததைவிட அந்த ‘சார்’ அவருக்குப் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முள்ளங்கியை நேராக்கிக்கொண்டார்.

குளுவாங் கூட்டத்தில்தான் வினை வந்தது. அவர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து கமலநாதன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, “சார், நீங்க மாத்திரை ஏதும் எடுக்கறீங்களா?” என்று கேட்டார்.

ஐயாசாமி சந்தோஷத்தோடு, “ஆமாங்க, ஆறு வருஷமா. ஒரு நாள் விட்டதில்ல” என்றார். கடைசியில் யாரோ கேட்டார்களே என்ற நிம்மதி அவருக்கு.

லோகேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடுங்கி, “நேரமின்மை காரணமாகத் தேநீர் விருந்து” என்றார். அப்போது மணி பத்தே கால்.

மறுநாளே ஜொகூர் பாரு அலுவலகத்தில் அவசரக் கூட்டம். ஐயாசாமியையும் வரச் சொல்லியிருந்தார்கள். மன்றத்தின் நிர்வாகக் கூட்டத்தில் அவர் கலந்துகொள்வது அதுவே முதல் முறை. மேசை நிறைய ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெய்ச் சோறு, பொரித்த கோழி, குலாப் ஜாமுன். சுவரில் ‘ஒரு நாளைக்கு ஐந்து நிறம்’ என்ற பதாகை. ஐயாசாமி தட்டையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்ததைக் கண்டு டத்தோ வள்ளியப்பன் விளக்கினார்.

“கீரையெல்லாம் மக்களுக்கான நிகழ்ச்சியில போடுவோம் ஐயாசாமி. அவங்களுக்குத்தான் விழிப்புணர்வு வேணும். எங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கு.”

பிறகு விவாதம் தொடங்கியது. முன்மாதிரியை மாற்றுவதா என்று ஒருவர் கேட்டார். சுவரொட்டி அச்சாகிவிட்டது என்று லோகேஸ்வரன் சொன்னார். அதோடு அந்த யோசனை முடிந்தது. நாராயணன் வெள்ளைப் பலகையில் ஓர் இதயம் வரைந்து இரண்டு அம்புக்குறி போட்டார்.

“இந்த இதயத்துக்குள்ள ரெண்டு பேர் வேலை செய்றாங்க. ஒண்ணு கீரை, ஒண்ணு மாத்திரை. ரெண்டு பேரும் இருந்தா யாருக்குப் பேரு போகும்னு தெரியாது. ஆய்வுன்னா தூய்மை வேணும். யாராவது ஒருத்தர் வெளியேறணும். கீரை நம்ம ஆளு.”

“கிளினிக்குல மிஸ்ஸி திட்டுவாங்களே டாக்டர்,” என்றார் ஐயாசாமி. நர்ஸ் ஃபரீடாவின் குரல் அவர் காதில் ஏற்கெனவே கேட்டது.

டத்தோ வள்ளியப்பன் எலும்பைத் தட்டோரம் வைத்துவிட்டு அன்போடு பேசினார். “பாருங்க ஐயாசாமி, மாத்திரைய நிறுத்துங்கன்னு மன்றம் சொல்லல. சொல்லவும் மாட்டோம். லோகேஸ், சொல்லலன்னு குறிப்புல எழுதுங்க. வர்ற இதயப் பெருவிழா வரைக்கும் நீங்க தூய்மையா இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. நாலு மாசந்தான். எண்ணூறு பேரு வர்றாங்க. சிறப்பு வருகையாளர் வர்றாரு. மேடையில நடு நாற்காலி உங்களுக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

ஐயாசாமி யோசித்தார். வாழ்நாளில் நடு நாற்காலி என்ற ஒன்றில் அவர் உட்கார்ந்ததில்லை. கல்யாணத்தில்கூட மணமேடைத் தூண் அவர் முகத்தை மறைத்துத்தான் படம் வந்திருந்தது.

“சரிங்க டத்தோ,” என்றார்.

சந்திரமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி எடுத்து நீட்டும் இரண்டு மாத்திரைகளையும் வாங்கி, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்த மைலோ டின்னில் போட்டார். கிளினிக்கிலிருந்து ஃபரீடா, பரிசோதனைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை அழைத்தார். பஸ் ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை அவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வீண் என்றுகூட நினைத்தார். மூன்றாம் மாதம் பின்னந்தலை கனத்தது. நான்காம் மாதம் பஸ்ஸின் மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நாராயணனுக்குச் சொன்னார். நாராயணன் குரல்பதிவு அனுப்பினார்.

“ஐயாசாமி, அது மூச்சு வாங்கறது இல்ல. மூச்சு விரியறது. இத்தனை வருஷமா மாத்திரை அமுக்கி வச்சிருந்த இதயம் இப்பதான் சொந்தமா நடக்கப் பழகுது. கொழந்த நடக்கறப்ப தடுமாறாதா? பாவக்காயக் கொஞ்சம் கூட்டிக்குங்க.”

பாகற்காயைக் கூட்டினார். பச்சைக் குழு கைதட்டும் படம் அனுப்பியது.

இதயப் பெருவிழா ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வாசலில் இதய வடிவத்தில் ஒரு வளைவு. மூங்கிலில் கட்டி, பூசணி, பாகற்காய், கத்தரிக்காய், வாழைப்பூ எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். கத்தரிக்காய் எந்தப் பக்கம் தொங்குவது என்பதற்குச் சமரசமாக இரண்டு பக்கமும் தொங்கியது. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அந்த இதயத்தின் வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் சிறப்பு வருகையாளர் வந்து நாடாவை வெட்டும் வரை யாரும் அதன் வழியாக வரக் கூடாது. ஆகவே எண்ணூறு பேரும் சமையலறைப் பக்கமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வருகையாளர் பதினொன்றுக்கும் வரவில்லை. நேரத்தை நிரப்ப டத்தோ வள்ளியப்பன் பேச எழுந்தார்.

“சிலர் கேட்கிறார்கள், பதினொரு ஆண்டுகளில் இந்த மன்றம் எத்தனை இதயங்களைக் காப்பாற்றியது என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன், நீங்கள் எத்தனை மன்றங்களைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்? ஓர் இதயம் நின்றுபோனால் ஒரு குடும்பம் அழும். ஒரு மன்றம் நின்றுபோனால் பதினாறு துணைக்குழுக்கள் எங்கே போகும்? இதயம் எல்லாருக்கும் இருக்கிறது அன்பர்களே. பதவி எல்லாருக்கும் இருக்கிறதா?”

பலத்த கைதட்டல். நடு நாற்காலியில் இருந்த ஐயாசாமியால் கையைத் தட்ட முடியவில்லை. இடது கை கனத்துக் கிடந்தது. யாரோ பஸ்ஸை நெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது. முள்ளங்கி வேர்வையில் நனைந்து சட்டையோடு ஒட்டியது. பக்கத்தில் இருந்த லோகேஸ்வரனின் கையைத் தொட்டார்.

“தம்பி, நெஞ்சு வலிக்குது.”

லோகேஸ்வரன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். “உங்க அங்கம் பதினொண்ணு நாப்பதுக்குத்தானே?”

“ரொம்ப வலிக்குது தம்பி.”

செய்தி மேடையில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்தது. நாராயணன் குனிந்து வந்து, அது நெஞ்சுவலியாக இருக்க முடியாது, ஏனென்றால் மன்றம் அச்சடித்த பிரசுரத்தின் நான்காம் பக்கத்தில் இவருக்கு நெஞ்சுவலி வராது என்று போட்டிருக்கிறது என்றார். பச்சைக் குழுத் தலைவி அது வாயு என்றார். பத்திரிகைக்காரர்கள் முன்வரிசையில் இருப்பதால் பின்கதவு வழியாக நடத்திக்கொண்டு போகலாம், அதற்கு முன் டீ-சட்டையை மட்டும் கழற்றிவிடலாம் என்று லோகேஸ்வரன் ஒரு யோசனை முன்வைத்தார். அதை ஒருவர் வழிமொழிந்தார்.

சந்திரமதி மூன்றாம் வரிசையில் இருந்தார். கணவரின் முகம் சாம்பல் நிறமாக மாறுவதை அங்கிருந்தே பார்த்தார். அவர் மேடையேறி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. டத்தோவின் கையிலிருந்த ஒலிவாங்கி காணாமல் போனபோதுதான் கவனித்தார்கள்.

“இங்க யாராச்சும் டாக்டர் இருக்கீங்களா?”

மேடையில் ஒன்பது கைகள் உயர்ந்தன. பழக்கம்.

“நெஞ்சு வலிக்குப் பார்க்கற டாக்டர்!”

ஒன்பது கைகளும் இறங்கின.

சந்திரமதி அவர்களை ஒரு தடவை பார்த்தார். ஒலிவாங்கியைக் கீழே வைக்காமலே கைப்பேசியில் 999-ஐ அழுத்தினார். ஹோட்டலின் பெயர், கணவரின் வயது, வலி தொடங்கிய நேரம் என்று அவர் மலாயில் சொன்ன அத்தனையும் எண்ணூறு பேருக்கும் கேட்டது. அன்று காலை மன்றத்தின் மேடையில் பேசப்பட்டவற்றில் பயனுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. தள்ளுபடுக்கையோடு ஓடிவந்த இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நாடா குறுக்கே கட்டியிருந்தது. வளைவுக் குழுவின் பொறுப்பாளர் இரு கைகளையும் விரித்து நின்றார்.

“அலமாக், இந்த வழி இன்னும் திறக்கல. சிறப்பு வருகையாளர் வெட்டணும்.”

“அங்கிள், உள்ளே நோயாளி,” என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

“எனக்குத் தெரியாதா? இந்த வளைவே இதயத்துக்காகத்தான் கட்டுனது. சமையலறைப் பக்கமா சுத்தி வாங்களேன்லா.”

ஆம்புலன்ஸ்காரர் தள்ளுபடுக்கையை இரண்டடி பின்னுக்கு இழுத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். நாடா அறுந்தது. மூங்கில் முறிந்தது. இதயம் நடுவில் பிளந்து ஒரு பூசணி மண்டபத்துக்குள் உருண்டு முன்வரிசை வரை போனது. அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய சிறப்பு வருகையாளர், திறப்பு விழா முடிந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்.

அரசாங்க மருத்துவமனையில் ஐயாசாமிக்கு மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கு இல்லை என்றார்கள். மறுநாள் காலை டாக்டர் நர்மதா படுக்கை அருகே வந்தார். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு இருந்த அவருக்கு முப்பது வயது இருக்கும்.

“ஐயா, கிளினிக்குல உங்க பதிவைப் பார்த்தேன். ஆறு வருஷம் ஒழுங்கா மாத்திரை எடுத்திருக்கீங்க. இப்ப எடுத்த ரத்தத்துல கொழுப்பு ஏறியிருக்கு. திடீர்னு ஏன் நிறுத்துனீங்க?”

ஐயாசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு கூரை விசிறியைப் பார்த்தார். மைலோ டின் வரை எல்லாவற்றையும் சொன்னார். சந்திரமதி கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தெனம் என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்,” என்றார். “தெனம் வாங்கிக்கிட்டீங்க.”

ஐயாசாமி கண்ணைத் துடைக்கலாம் என்றால் ஒரு கையில் ஊசி, மறு கையில் கட்டு. சந்திரமதிதான் முந்தானையால் துடைத்துவிட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

“கீரை சாப்பிட்டது தப்பாம்மா?” என்று சந்திரமதி டாக்டரிடம் கேட்டார்.

“ஐயோ, இல்லம்மா. கீரை, வெங்காயம், பயறு எல்லாம் ரொம்ப நல்லது. விடாதீங்க. மாத்திரையும் நல்லது. அதுங்க ரெண்டும் இவரு உடம்புக்குள்ள ஆறு வருஷமா சண்டை சச்சரவில்லாம ஒண்ணாத்தான் இருந்திருக்கு. மனுஷங்கதான் கூட்டம் போட்டுப் பிரிச்சு வச்சிருக்காங்க.”

மூன்றாம் நாள் பகல் பார்வையாளர் நேரத்தில் டத்தோ வள்ளியப்பனும் லோகேஸ்வரனும் வந்தார்கள். ஒரு பழக்கூடை, ஒரு கோப்பு. டத்தோ படுக்கையோரம் உட்கார்ந்து ஐயாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்காக மன்றமே துடிச்சுப் போச்சு ஐயாசாமி. நேத்து அவசரக் கூட்டம் போட்டோம். உங்க மாரடைப்பை மன்றம் அங்கீகரிக்கறதா வேண்டாமான்னு மூணு மணி நேரம் விவாதம்.”

“என்னங்க முடிவாச்சு?” என்றார் சந்திரமதி.

“அங்கீகரிக்க வழியில்லம்மா. நிகழ்ச்சி நிரல்ல அது இல்ல.” லோகேஸ்வரன் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். முன்மாதிரிப் பதவியிலிருந்து ஐயாசாமி பெருவிழாவுக்கு முந்தின நாளே சொந்த விருப்பத்தின் பேரில் விலகிவிட்டார் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. “முந்தின நாளே விலகிட்டீங்கன்னா, வலி வந்தது ஒரு தனிமனிதருக்கு. மன்றத்தோட இதயம் எப்பவும் போல நல்லா இருக்கும்.”

“தாவரச்சத்து மேல மக்களுக்கு நம்பிக்கை போயிடக் கூடாது பாருங்க,” என்று டத்தோ தொடர்ந்தார். “இந்த மாத்திரைக் கலாச்சாரத்துல இருந்து நம்ம சமுதாயத்த மீட்கணும். என் உயிர் இருக்கற வரைக்கும் நான் இதுக்காக…”

அவருடைய கைப்பேசி சிணுங்கியது. நேரம் பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து, இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் தட்டி, ஐயாசாமியின் தண்ணீரை ஊற்றி விழுங்கினார். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. நான்கு மாதமாக மைலோ டின்னில் விழுந்துகொண்டிருந்த அதே ஜோடி.

ஐயாசாமி தலையைத் திருப்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

“டத்தோ,” என்றார் ஐயாசாமி, “அது என்ன மாத்திரைங்க?”

“இதா? கொழுப்புக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. பதினாலு வருஷமா போடறேன். ஒரு வேளை தவறுனா என் டாக்டர் கொன்னுடுவாரு.”

“நாராயணன் டாக்டரு?”

“அவருக்கு மூணு. ஸ்டென்ட் வேற இருக்கு.”

லோகேஸ்வரன் தன் சட்டைப் பையைக் கையால் மெல்ல மூடிக்கொண்டார்.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் டத்தோ வேணாம்னீங்க?”

டத்தோ வள்ளியப்பன் உண்மையாகவே திகைத்துப் போனார். இவ்வளவு எளிய விஷயம் இந்த மனிதருக்குப் புரியவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

“என்ன ஐயாசாமி இப்படிக் கேக்கறீங்க? நீங்க முன்மாதிரி. நாங்க நிர்வாகம்.”

சந்திரமதி எழுந்து நின்றார். பழக்கூடையில் ஓர் அன்னாசி இருந்தது, அவர் பார்வை அதன் மேல் போயிற்று. ஐயாசாமி கையை லேசாகத் தூக்கி அவரை உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவர். யாரை எங்கே இறக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“தம்பி, பேனா இருக்கா?”

லோகேஸ்வரன் பேனாவைத் திறந்தே கொடுத்தார். ஐயாசாமி தாளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியைப் போட்டார். ‘ஐயப்பசாமி’யை ஐயாசாமியாகத் திருத்தினார். கீழே ‘விலகுவதற்கான காரணம்’ என்று ஒரு வரி காலியாக இருந்தது. ஊசி குத்திய கையால் அதில் எழுதினார்: ‘மாத்திரை போடும் நேரம் ஆகிவிட்டது.’ கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போயிட்டு வாங்க டத்தோ,” என்றார். “தண்ணி தீந்துடுச்சு. போற வழியில மிஸ்ஸிகிட்ட எனக்கு ஒரு கிளாஸ் கொண்டாரச் சொல்லுங்க.”

பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், கம்பெனி அவரை பஸ்களின் நேரம் குறிக்கும் மேசைக்கு மாற்றியது. அங்கே எல்லாரும் மறுபடி ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தினமும் அவர் மாத்திரை விழுங்கியதும் சந்திரமதி வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். முருங்கைக்கீரை இப்போதும் வாரத்தில் மூன்று நாள் உண்டு. யாருக்கும் படம் அனுப்பாததால் சூடாகவே சாப்பிட முடிகிறது.

மன்றத்தின் பன்னிரண்டாம் ஆண்டறிக்கை போன மாதம் வெளியானது. பளபளப்பான தாள், எண்பது பக்கம். அதில் முப்பத்தோராம் பக்கத்தில், ஊதாக் குழுவின் நன்றியுரைக்கும் வளைவுச் சேதம் பற்றிய விசாரணைக்கும் இடையில் ஒரு வரி இருக்கிறது: ‘மாநில இதய முன்மாதிரி திரு. ஐயப்பசாமி அவர்கள், நேரமின்மை காரணமாகப் பதவி விலகினார்.’